கிலுங்காத வால்

சான் ஹெர்வாசியோ சுகாதார மையம்
சினாண்டேகா, நிகராகுவா
3 டிசம்பர் 1992

டாக்டர் ஒடிலியா சவர்ரியா,
தரக்கட்டுப்பாட்டுத் தலைவர்,
தேசிய சீரம் நிலையம், கோஸ்டா ரிகா

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

இரண்டு வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரிப்பதற்காக இல்லை. உங்கள் நிலையம் எங்களுக்கு அன்பளிப்பாக அனுப்பிய பாம்புக்கடி சீரத்தில் எட்டுக் குப்பிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். எட்டும் காலி. எல்லாம் எர்மெலிண்டா என்ற ஒரே பெண்ணின் உடம்புக்குள் போனவை. அவள் இறந்துவிட்டாள்.

இங்கே இப்போது எள் அறுப்பு. அறுத்துக் கட்டி வெயிலில் நிறுத்திவைத்த கட்டு ஒன்றைத் தூக்கும்போது அவளுக்குக் கணுக்காலில் கடி. அரை மணியில் மாட்டுவண்டியில் கொண்டுவந்துவிட்டார்கள். வீக்கம் இல்லை, இரத்தக் கசிவு இல்லை. எங்கள் நர்ஸ் டோனா தியோடோரா காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, முள் குத்தியிருக்கும் என்றார். ஒரு மணி நேரம் கழித்து அந்தப் பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "கண்ணத் தொறக்க முடியல டாக்டர், எமயில யாரோ உக்காந்திருக்காப்ல இருக்கு" என்றாள்.

அதன்பின் கழுத்து நிற்கவில்லை. எச்சில் விழுங்க முடியவில்லை. மூச்சு நின்றது. குழாய் போட்டு ஆம்பு பையைக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுத்தோம். மூச்சு இயந்திரம் தலைநகரில்தான் உண்டு, அங்கே இருந்தவற்றில் ஒன்றும் காலியாக இல்லை. நான், தியோடோரா, அவள் கணவர் ஃபுல்ஹென்சியோ, மூன்று பேரும் மாறி மாறி முப்பத்தொரு மணி நேரம் அமுக்கினோம். கடைசியில் இதயம் நின்ற பிறகும் ஃபுல்ஹென்சியோ பையை விடவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

கடித்தது கிலுகிலுப்பைப் பாம்பு. உங்கள் குப்பியின் மேல் அந்தப் பாம்பின் பெயர்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. அப்படியானால் உள்ளே இருந்தது என்ன? இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

டாக்டர் எலிசெயோ பொடொஸ்மே
(உங்கள் நிலையத்துப் பாம்பு அறையில் பதினோரு வருடம் 'தற்காலிகமாக' வேலை பார்த்தவன். பெயர் மறந்திருக்கலாம்.)


தேசிய சீரம் நிலையம்
21 டிசம்பர் 1992

டாக்டர் பொடொஸ்மே அவர்களுக்கு,

தங்கள் கடிதமும் எட்டுக் குப்பிகளும் கிடைத்தன. அந்தப் பெண்ணின் மறைவுக்கு நிலையத்தின் சார்பில் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

குப்பிகளின் தொகுதி எண்ணை எடுத்துப் பார்த்தேன். எங்களிடம் பத்திரப்படுத்திய மாதிரியை மறுபடியும் எலிகளில் சோதித்தேன். சீரம் முழு வீரியத்துடன் இருக்கிறது. கிலுகிலுப்பைப் பாம்பின் விஷத்தைக் கொடுத்த எலிகளில் சீரம் பெற்ற அத்தனையும் பிழைத்தன. எனவே மருந்தில் குறை இருப்பதாகத் தெரியவில்லை. தங்கள் மையத்தில் மண்ணெண்ணெய்க் குளிர்பெட்டிதான் இருப்பதாக அறிகிறேன். வெப்பம் கூடியிருக்க வாய்ப்பு உண்டா என்று பார்க்கவும்.

இன்னொன்று. கிலுகிலுப்பை கடித்தால் வீங்கும், இரத்தம் கசியும். இமை சரிவதும் மூச்சு நிற்பதும் பவளப் பாம்பின் வேலை. அதற்கு வேறு சீரம் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. பாம்பை அடையாளம் கண்டவர் யார் என்பதைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

ஒடிலியா சவர்ரியா

பெயர் மறக்கவில்லை. தங்கள் மகள் மிக்டாலியாவுக்குப் பண்டிகை வாழ்த்து. அவளுக்கு ஏழு வயது முடிந்திருக்கும். போன வருடம் அனுப்பிய உடுப்பு சேர்ந்ததா என்று யாரும் எழுதவில்லை.


சான் ஹெர்வாசியோ
15 ஜனவரி 1993

டாக்டர்,

பாம்பை அடையாளம் கண்டவன் நான். உங்கள் நாட்டில் என் மருத்துவப் பட்டம் செல்லாது என்று சொன்னதால் பதினோரு வருடம் பாம்பிடம் விஷம் கறந்து பிழைத்தவனிடம், பவளப் பாம்புக்கும் கிலுகிலுப்பைக்கும் வித்தியாசம் தெரியுமா என்று கேட்கிறீர்கள். நல்லது.

இதோ, கடித்த ஆளே வருகிறார், நேரில் விசாரித்துக்கொள்ளுங்கள். தியோடோராவின் மருமகன் எல்லை தாண்டிப் போகும் பேருந்தில் ஓட்டுநர். அவர் கையில் ஒரு ஊறுகாய் ஜாடி கொடுத்திருக்கிறேன். உள்ளே சாராயம், அதற்குள் ஒரு பாம்பு. எள் கட்டுக்கு அடியில் ஃபுல்ஹென்சியோ வெட்டியது. நீளம் ஒரு சாணுக்குச் சற்று மேலே. வால் நுனியில் கிலுகிலுப்பை இல்லை, குட்டிக்கு இருக்கும் ஒரே ஒரு பொத்தான்தான். ஒற்றைப் பொத்தான் எதோடு மோதிச் சத்தம் போடும்? அதனால்தான் அந்தப் பெண்ணுக்கு எச்சரிக்கையே கிடைக்கவில்லை.

குளிர்பெட்டியைப் பற்றி: அதே பெட்டியில் இருந்த அதே தொகுதிக் குப்பிகள் அக்டோபரில் இரண்டு பேரைப் பிழைக்க வைத்தன. இரண்டு பேரையும் கடித்தவை கைநீளத்துக்கு மேற்பட்ட பாம்புகள்.

உடுப்பு வந்து சேர்ந்தது. மிக்டாலியா அதைப் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தாள். யார் கொடுத்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் "என் ஞானம்மா" என்று சொன்னாள். நான்தான் பதில் எழுதவில்லை. ஏன் என்று உங்களுக்குத் தெரியும், இருந்தாலும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

1990 மார்ச்சில் என் நிரந்தர வேலைக்கான மனு குழு முன் வந்தது. வெளிநாட்டான் என்பதால் விதி இடம் தரவில்லை. ஆனால் நிரந்தர உறுப்பினர் ஒரே ஒருவர் எழுந்து, இவருக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டால் விலக்கு உண்டு. நான் வெளியே குதிரை லாயத்தில் காத்திருந்தேன். உள்ளே எட்டுப் பேர். ஒருவர்கூட எழவில்லை என்று பிறகு சொன்னார்கள். ஏழு பேரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. எட்டாவது ஆள், என் மகளைக் கையில் ஏந்தி ஞானஸ்நானம் கொடுக்க வைத்தவர். வாயில் என்ன, கொழுக்கட்டையா வைத்திருந்தீர்கள்?

எலிசெயோ


சான் ஹோசே
24 பிப்ரவரி 1993

எலிசெயோ,

இந்தக் கடிதம் நிலையத்தின் தாளில் இல்லை, கவனித்திருப்பீர்கள்.

ஜாடி வந்தது. எல்லைச் சாவடியில் அதைத் திறந்து முகர்ந்து பார்த்தவர்கள் மறுபடி மூடிக் கொடுத்துவிட்டார்களாம். கிலுகிலுப்பைதான், சந்தேகமே இல்லை. பவளப் பாம்பு என்று எழுதியதற்கு வெட்கப்படுகிறேன்.

பிறந்து சில மாதமான குட்டி எங்கள் பாம்பு அறையில் ஒன்றுகூட இல்லை. குவானகாஸ்தெயில் இரண்டு மேய்ச்சல்காரர்களுக்குச் சொல்லிவிட்டு மூன்று குட்டிகள் வரவழைத்தேன். கறந்தால் ஆளுக்கு அரைத் துளி. அந்த விஷத்தைக் கொடுத்த எலிகள் வீங்கவில்லை. பின்னங்கால்களை இழுத்தன, அப்புறம் மூச்சு நின்றது. சீரத்தைக் கலந்து கொடுத்துப் பார்த்தேன். அளவை இரண்டு மடங்காக்கினேன், நான்கு மடங்காக்கினேன். ஒரு எலிகூடப் பிழைக்கவில்லை. கிலுகிலுப்பைக் குட்டியின் விஷம் வேறு, வளர்ந்த பாம்பின் விஷம் வேறு. சீரம் எடுக்க நாம் குதிரைகளுக்கு ஏற்றியது முழுக்க வளர்ந்ததன் விஷம். குதிரைக்குத் தெரியாததை அதன் இரத்தம் எப்படித் தடுக்கும்? குப்பியில் இருந்தது நல்ல மருந்து, அந்தப் பெண்ணைக் கடித்த பாம்புக்கானது இல்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

அடுத்ததை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். எழுதாமல் விட்டால் மறுபடி வாயை மூடிக்கொண்ட குற்றம் என் மேல் விழும் என்பதால் எழுதுகிறேன். நம்மிடம் ஏன் குட்டி விஷமே இல்லை என்று பதிவேடுகளைப் புரட்டினேன். 1981-இலிருந்து ஒரு குட்டிகூட உள்ளே வரவில்லை. பாம்பு அறையின் வாசலில் ஒரு பலகை இருக்கிறது. பாம்பு பிடித்து வருகிறவர்களுக்கான அறிவிப்பு. "கைநீளத்துக்குக் குறைந்தது வேண்டாம். கறக்கும் நேரத்துக்குத் தேறாது." இன்றைக்கும் அதைத்தான் எல்லோரும் கடைப்பிடிக்கிறோம். கையெழுத்து யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குழுக் கூட்டத்தைப் பற்றி இப்போது எழுத முடியவில்லை. எழுதுவேன்.

ஒடிலியா


சான் ஹெர்வாசியோ
30 மார்ச் 1993

ஒடிலியா,

உங்கள் கடிதத்தைப் படித்து ஒரு மாதம் ஆகப்போகிறது. முதலில் கோபம் வந்தது. பழி வாங்குவதற்குப் பதிவேட்டைத் தோண்டியிருக்கிறார் என்று தியோடோராவிடம் சொன்னேன். அவர், "பலகையில அப்படி எழுதினீங்களா இல்லையா?" என்று மட்டும் கேட்டார். எழுதினேன் என்றேன். "அப்ப வாய மூடிக்கிட்டு வேலயப் பாருங்க" என்றார்.

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. அப்போது சீரத்துக்கு அவ்வளவு தட்டுப்பாடு. பெரிய பாம்பு ஒன்றைக் கறக்கிற நேரத்தில் குட்டிகள் நாலைக் கறந்தாலும் கண்ணாடியின் அடி நனையாது. குட்டிகளைக் கொண்டுவந்தவர்களிடம், போய் வளர்த்துக் கொண்டு வா என்று கேலி பேசித் திருப்பி அனுப்பினேன். சின்னப் பாம்பானாலும் பெரிய தடியால் அடி என்று சும்மாவா சொன்னார்கள். நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்து எழுதிய இரண்டு வரி, பன்னிரண்டு வருடம் கழித்து என் கைக்குள்ளேயே ஒரு பெண்ணைக் கொன்றிருக்கிறது. உங்களுக்கு எழுதிய முதல் கடிதத்தை நான் எனக்கே எழுதியிருக்க வேண்டும்.

ஃபுல்ஹென்சியோவிடம் போய்ச் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவர் எருதுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார். "அடுத்த அறுப்புக்குள்ள சரியான மருந்து வந்துருமா?" என்று கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால் வீட்டுக்கு நடந்து வருவது சுலபமாக இருந்திருக்கும்.

எனவே செய்யுங்கள். ஜூலையில் இங்கே குட்டிகள் பிறக்கும். எத்தனை வேண்டுமானாலும் பிடித்து அனுப்புகிறேன். அந்தப் பலகையை உடைத்து அடுப்பில் போடுங்கள்.

எலிசெயோ


சான் ஹோசே
6 மே 1993

எலிசெயோ,

பலகையை எடுத்துவிட்டேன், அடுப்பில் போடவில்லை. என் மேசைக்கு மேல் மாட்டியிருக்கிறேன். உங்களைக் குத்திக்காட்ட இல்லை. அந்த வரியை நானும் பன்னிரண்டு வருடம் தினமும் கடந்து போயிருக்கிறேன். ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

செய்தி நல்லதில்லை. ஒரு குதிரைக்கு விஷம் ஏற்ற நூற்றைம்பது குட்டிகளாவது வேண்டும். எங்கள் பக்கம் எவ்வளவு தேடியும் பதினாறுதான் கிடைத்தன. உங்கள் குட்டிகளை ஏற்கலாமா என்று குழுவில் வைத்தேன். இயக்குநர் டான் அர்னொல்டோ சட்டப் புத்தகத்தை எடுத்தார். இது தேசிய நிலையம், தேசிய விலங்குகளின் விஷத்தில் மட்டுமே மருந்து செய்ய வேண்டும், அப்படித்தான் அரசு நமக்குப் பணமும் உரிமையும் தருகிறது என்றார். "பக்கத்து நாட்டுல பாம்பு பிடிச்சுக் குடுக்க ஆள் இருக்கு, மருந்து பண்ண நெலயம் இல்லயாக்கும்?" என்று ஒருவர் கேட்க, மற்றவர்கள் சிரித்தார்கள். எல்லைக் கம்பியைப் பாம்பு மதித்து நடக்கிறதா என்று கேட்டேன். அந்தச் சிரிப்பு நின்றது, அவ்வளவுதான். வாக்கெடுப்பில் ஆறுக்கு இரண்டு. தோற்றேன். ஆனால் இந்த முறை கொழுக்கட்டை இல்லை, அது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஒன்று சொல்லவேண்டும். டான் அர்னொல்டோ கெட்டவர் இல்லை. இந்த நிலையம் இல்லாவிட்டால் நம் பக்கத்துக் கடிக்கு மருந்து செய்ய உலகத்தில் ஒருவரும் வரமாட்டார்கள். கடிபடுகிறவர்கள் எள் அறுக்கிறவர்கள், வாழைத்தோட்டக்காரர்கள். அவர்களுக்கு மருந்து செய்து எந்தக் கம்பெனி கொழுக்கும்? அரசு போட்ட சுவர்தான் இதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. அதே சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிறோம்.

கூட்டம் முடிந்து அந்தச் சட்டப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துவந்து முழுக்கப் படித்தேன். 'தேசிய விலங்கு' என்றால் என்ன என்று ஒரு விளக்கம் இருக்கிறது. முன்பு வெளிநாட்டிலிருந்து சினைக் குதிரைகள் வாங்கியபோது எழுதியது. "இந்த மண்ணில் பிறந்த விலங்கு எதுவும் தேசிய விலங்கே, தாயின் பூர்வீகம் பொருட்டல்ல."

உங்கள் பக்கத்தில் இப்போது சினைப் பாம்புகள் கிடைக்குமா?

ஒடிலியா


சான் ஹெர்வாசியோ
14 ஜூன் 1993

ஒடிலியா,

உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் படித்துவிட்டு வெளியே போய்ச் சிரித்தேன். வெகுநேரம் சிரித்தேன். டோனா தியோடோரா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

கர்ப்பிணிகள் ஒன்பது பேர் புறப்பட்டுவிட்டார்கள். ஃபுல்ஹென்சியோவும் அவர் அண்ணன் தம்பிகளும் மூன்று வாரம் காடு மேடெல்லாம் அலைந்து பிடித்தவை. ஒருவருக்கும் கடி இல்லை. பேருந்தில் ஏற்ற ஓட்டுநர் மறுத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, ஒன்பது வாலும் சேர்ந்து கிலுங்கினால் பயணிகள் ஜன்னல் வழியாகக் குதிப்பார்கள். இரு நாட்டுச் சுகாதார அமைச்சகங்களும் சேர்ந்து ஓட்டும் போலியோ சொட்டு மருந்து ஜீப் மாதம் ஒருமுறை எல்லை தாண்டுகிறது. அதில் போகிறார்கள். இனப்பெருக்க ஆய்வுக்கு என்று அனுமதிச் சீட்டும் வாங்கியாயிற்று. எங்கள் அமைச்சகத்தில் கையெழுத்துப் போட்ட அம்மாள், அந்தக் கோஸ்டா ரிகாக்காரர்கள் நம் பயறுச் சோற்றைத் தங்களுடையது என்று சொல்கிறார்கள், பாம்பையும் சொல்லிக்கொள்ளட்டும் என்றாராம்.

சிரித்து முடித்ததும் வந்ததையும் எழுதிவிடுகிறேன். நான் அங்கே பதினோரு வருடம் இருந்தேன். உங்கள் ஊர் மழையில் நனைந்தேன், உங்கள் பாம்பு என் கட்டைவிரலைக் கடித்தது, உங்கள் சீரத்தில் பிழைத்தேன். ஒரு காகிதம் கிடைக்கவில்லை. இந்தக் குட்டிகள் அங்கே தலையை வெளியே நீட்டினால் போதும், குடிமக்கள். என் மிக்டாலியாவும் அங்கே பிறந்து அப்படித்தான் ஆனாள் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறேன். அவள் ஜீப்பைப் பார்த்துக் கையாட்டி, ஞானம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். பாம்புகளிடம்தான்.

பெட்டிகளுக்கு மேல் ஈரச் சாக்கு போட்டிருக்கிறேன். இறக்கியதும் நிழலில் வைக்கவும். மூன்றாம் பெட்டியில் இருப்பவள் கோபக்காரி.

எலிசெயோ


தேசிய சீரம் நிலையம்
19 ஆகஸ்ட் 1993

எலிசெயோ,

நூற்று அறுபத்து மூன்று. மூன்றாம் பெட்டிக்காரி மட்டும் இருபத்தெட்டு. எங்கள் பதினாறோடு சேர்த்தால் வேண்டியதற்கு மேலேயே இருக்கிறது.

பிறப்புப் பதிவேட்டை டான் அர்னொல்டோ முன் கொண்டுபோய் வைத்தேன். சட்டப் புத்தகத்தையும் பக்கம் திறந்து அருகில் வைத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "இத யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். ஒரு நிகராகுவாக்காரரும் நானும் என்றேன். "பாம்பின் கால் பாம்பறியும்" என்று முணுமுணுத்தபடி கையெழுத்துப் போட்டார். அவர் முகத்தில் எரிச்சல் இல்லை. ஒரு வழி கிடைத்ததில் அவருக்கும் நிம்மதி என்றே எனக்குப் பட்டது. தாய் என்ற இடத்தில் 'சான் ஹெர்வாசியோ' என்று எழுதியிருக்கிறேன். அதை அழிக்கச் சொல்லவில்லை.

விஷம் ஏற்ற எந்தக் குதிரை என்று கால்நடை மருத்துவர் கேட்டார். புது விஷம், நரம்பைத் தாக்குவது. அளவு பிசகினால் குதிரை போய்விடும். பொறுமையான, எதையும் தாங்கிப் பழகிய குதிரை வேண்டும் என்றார். அப்படி ஒன்றுதான் உண்டு. நீங்கள் பம்பரம் என்று பெயர் வைத்த அந்தக் கிழவன். உங்களைக் கேட்காமல் சரி என்றேன், மன்னியுங்கள். முதல் ஊசிக்கு இரண்டு நாள் தலையைத் தொங்கப் போட்டு நின்றது. மூன்றாம் நாள் நீங்கள் கொடுப்பதுபோல வெல்லக்கட்டியை உள்ளங்கையில் வைத்து நீட்டினேன். தின்றுவிட்டு என் பையையும் மோந்து பார்த்தது.

இப்போது எழுத வேண்டியதை எழுதுகிறேன். 1990 கூட்டத்தில் உங்கள் மனுவுக்கு அடுத்து என் பெயர் இருந்தது, தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் பதவிக்கு. வெளிநாட்டானுக்காக எழுந்தால் அது போய்விடும் என்று ஒருவரும் என்னை மிரட்டவில்லை. நானாக நினைத்துக்கொண்டேன். ஜன்னல் வழியாக லாயத்தில் நீங்கள் பம்பரத்தின் கழுத்தைத் தடவிக்கொண்டு நிற்பது தெரிந்தது. கை மேசைக்கு மேல்தான் இருந்தது, தூக்கவில்லை. அன்றைக்கு நீங்கள் இங்கேயே தங்கியிருந்தால் சான் ஹெர்வாசியோவில் அந்தக் கடியைப் பார்க்க ஆள் இருந்திருக்காது, எல்லாம் நன்மைக்கே என்று ஒருவர் எனக்கு ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதல் எனக்கு வேண்டாம். நான் செய்தது தவறு. அதற்காக வருந்துகிறேன். 

குட்டி விஷத்தைப் பற்றிய ஆய்வறிக்கையை நிலையத்தின் பெயரில் மட்டும் வெளியிடுவதுதான் வழக்கம். உங்கள் பெயரும் இருந்தால்தான் நான் கையெழுத்திடுவேன் என்று சொல்லிவிட்டேன். இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. நானும் கையெழுத்திடவில்லை. ஆனால் அடுத்த அறுப்புக்குள் மருந்து முடியாது. குதிரை ஆயத்தமாக வேண்டும், சோதனை முடிய வேண்டும். 1994 அறுப்புக்குத்தான். ஃபுல்ஹென்சியோவிடம் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று தெரியவில்லை.

ஒடிலியா


சான் ஹெர்வாசியோ
9 ஜனவரி 1994

ஒடிலியா,

சுருக்கமாக எழுதுகிறேன். இந்த அறுப்பில் ஒரு பொத்தான்கடி. பதினேழு வயதுப் பெண். தலைநகரில் இயந்திரம் காலியாக இருந்தது, ஜீப்பும் இங்கே நின்றிருந்தது, பிழைத்துக்கொண்டாள். அதிர்ஷ்டம்தான். அதிர்ஷ்டத்தைக் குளிர்பெட்டியில் வைக்க முடியாது. சீக்கிரம் முடியுங்கள்.

நீங்கள் ஆகஸ்டில் எழுதியதற்குப் பதில் எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். வரவில்லை. கோபம் இல்லை, கையில்தான் இன்னும் வரவில்லை.

பம்பரத்துக்கு என் பெயரைச் சொல்லி ஒரு வெல்லக்கட்டி.

எலிசெயோ


தேசிய சீரம் நிலையம்
10 அக்டோபர் 1994

எலிசெயோ,

ஜீப்பில் நாற்பது குப்பிகள் வருகின்றன. முதல் தொகுதி. இரண்டு விஷத்துக்கும் சேர்த்துச் செய்தது, எனவே குட்டி கடித்தாலும் பெரியது கடித்தாலும் இதுவே போதும். சோதித்த எலிகள் எல்லாம் பிழைத்தன. மனிதருக்கு இன்னும் கொடுக்கவில்லை. உங்கள் அமைச்சகமும் எங்கள் அமைச்சகமும் சேர்ந்து அனுமதித்த முதல் இடம் சான் ஹெர்வாசியோ. இமை சரியத் தொடங்கியதும் கொடுங்கள், காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு மணிக்கும் குறித்து வைக்கவும்.

அறிக்கை வெளிவந்துவிட்டது. இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். இரண்டு பெயர். உங்களுடையது முதலில்.

பம்பரம் இனி ஓய்வு. இரத்தம் எடுத்ததும் சிவப்பணுக்களைத் திருப்பி ஏற்றிவிட்டோம், நன்றாக இருக்கிறது. புல்வெளியில் விட்டிருக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு யாரிடமும் இதைச் சொல்ல முடியாது.

ஒடிலியா


சான் ஹெர்வாசியோ
2 டிசம்பர் 1994

கொமாத்ரே,

என் மகளின் ஞானத்தாயை என் ஊரில் இப்படித்தான் அழைக்க வேண்டும், அவர் என்னைக் கொம்பாத்ரே என்று. நாலே முக்கால் வருடமாக அழைக்கவில்லை. இனி இப்படித்தான் எழுதுவேன்.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு லெயோன்சியோ என்பவரைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயது, எள் அறுக்கிறவர். கூடவே பாம்பையும் ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு சாண், ஒரு பொத்தான். பத்தே முக்காலுக்கு இமை சரிந்தது. உடனே ஆறு குப்பி ஏற்றினேன். ஆனாலும் பன்னிரண்டரைக்கு மூச்சு இளைத்தது. குழாய் போட்டேன். ஆம்பு பையை எடுத்தேன். மருந்து வேலை செய்யவில்லை என்றே நினைத்தேன், உங்களிடம் மறைப்பானேன்.

அப்போது வாசலில் ஃபுல்ஹென்சியோ நின்றார். செய்தி வயலுக்குப் போயிருக்கிறது, அரிவாளைக்கூட வைக்காமல் வந்திருக்கிறார். லெயோன்சியோ அவருக்கு உறவுமில்லை, பழக்கமுமில்லை. அரிவாளைச் சுவரில் சாத்தினார், கையைக் கழுவினார், ஒன்றும் கேட்காமல் என் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். எத்தனை எண்ணி அமுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நான் மாற்றிக்கொள்கிறேன் என்றேன். தலையாட்டி மறுத்தார். தியோடோரா சோளக்கஞ்சி கொண்டுவந்தார். ஒரு கையால் குடித்தார். நான் மணிக்கு மணி குறித்தேன், தாள் இத்துடன் இருக்கிறது. இரண்டு மணி, இமை அப்படியே. மூன்று மணி, அப்படியே. நாலு மணிக்கு லெயோன்சியோவின் கால் கட்டைவிரல் அசைந்ததாகத் தியோடோரா சொன்னார். நான் நம்பவில்லை. ஐந்தேகாலுக்கு இடது இமை பாதி திறந்தது. அதற்குள்ளிருந்து ஒரு கண் என்னைப் பார்த்தது. பிறகு வலது. ஆறு மணிக்குக் கொஞ்ச நேரம் நெஞ்சு தானாக ஏறி இறங்கியது. இவர் கொடுக்கும் மூச்சும் அவர் எடுக்கும் மூச்சும் மோதிக்கொண்டன.

லெயோன்சியோ வலது கையைத் தூக்கினார். மெல்லத்தான் தூக்க முடிந்தது. பையைப் பிடித்திருந்த கையைத் தொட்டு, அப்பால் தள்ளினார்.

ஃபுல்ஹென்சியோ விடவில்லை. அவரே மூச்சு விடுகிறார், போதும், எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. "இருங்க டாக்டர்," என்றார், "இன்னும் கொஞ்சம் போட்டுர்றேன்."

இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த விரல்களை நான் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். இந்த முறை பிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே விட்டார்.

உங்கள் கொம்பாத்ரே,
எலிசெயோ